தூக்கிச் செல்லும் சோலார் மின்பெட்டி: வீட்டிலேயே செய்ய முழுமையான வழிகாட்டி

வெயிலில் பனல் நிரப்பும் பற்றரி கொண்ட இந்தப் பெட்டி போன், லப்டொப், வைஃபை ரவுட்டர், எல்.ஈ.டி விளக்கு, 12 வோல்ற் மேசை விசிறி போன்றவற்றுக்கானது. கேத்தில், அயன்பெட்டி, கிணற்று மோட்டர் எதையும் இதில் ஓட்ட முடியாது. அதை முதலே மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எனக்கும் அயலில் உள்ளவர்களுக்குமாகச் சில பெட்டிகள் செய்திருக்கிறேன். பக்கத்தில் இருந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது. புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது மின்சாரம் தெரியாததால் அல்ல, வேலையின் ஒழுங்கு மாறுவதால். பனலை முதலில் வாங்கிவிடுகிறார்கள், பியூசைக் கடைசியில் நினைக்கிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் கணக்கு, பிறகு கடை

ஒரு தாளை எடுத்து, கரண்ட் இல்லாத நேரத்தில் எது எது எத்தனை மணி நேரம் வேண்டும் என்று எழுதுங்கள். வாற்றை மணி நேரத்தால் பெருக்கினால் வாற்-மணி வரும்.

ஒரு வீட்டின் கணக்கு இப்படி வரலாம். ரவுட்டர் 8 வாற், 5 மணி நேரம்: 40. இரண்டு போன்களுக்கு ஒன்றுக்கு 15 வீதம்: 30. லப்டொப் 40 வாற், 2 மணி நேரம்: 80. விளக்கு 5 வாற், 5 மணி நேரம்: 25. மொத்தம் 175 வாற்-மணி. வயரிலும் வோல்ற்றை மாற்றும் கன்வேட்டரிலும் வெப்பமாக வீணாவதற்கு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் 210.

ரவுட்டரின் அடாப்டரில் 12 வோல்ற், 1 அம்பியர் என்று இருந்தால் அது தரக்கூடிய உச்ச அளவுதான். உண்மையில் இழுப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. விசிறியில் இப்படி நம்பி இருக்க வேண்டாம். 15 வாற் விசிறி ஓர் இரவு 8 மணி நேரம் ஓடினால் 120 வாற்-மணி, மேலே உள்ள கணக்கில் பாதிக்கு மேல். "விசிறி சின்னதுதானே" என்று அதை எழுதாமல் விட்டவர்களின் பெட்டிதான் நடுச்சாமத்தில் நிற்கும்.

எத்தனை மணி நேர மின்வெட்டுக்கு என்று திட்டமிடுவது? 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்த அளவுக்குச் செய்யப் போனால் பெட்டி தூக்க முடியாத கனமாகிவிடும். ஒரு மாலையும் ஓர் இரவும் தாங்கினால் போதும், மறுநாள் வெயில் நிரப்பிவிடும்.

2. பற்றரியைத் தெரிவு செய்தல்

முன்னால் இரண்டு வழிகள்: ஈய அமில வகை, லித்தியம் அயன் பொஸ்பேற் வகை. காசு இருந்தால் இரண்டாவதை எடுங்கள். நான் ஈய வகையில் தொடங்கி இதற்கு மாறியவன்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஈய பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். 12 வோல்ற், 35 அம்பியர்-மணி என்றால் 420 வாற்-மணி, அதில் பாவிக்கக்கூடியது 210. எடையோ பத்துக் கிலோவுக்கு மேல். 12.8 வோல்ற், 30 அம்பியர்-மணி லித்தியம் அயன் பொஸ்பேற்றில் 384 வாற்-மணி இருக்கும். ஐந்தில் நான்கு பங்கை எடுத்தாலும் 307 கிடைக்கும், எடை நாலு கிலோ அளவு.

வாங்கும்போது உள்ளே பி.எம்.எஸ் என்ற காவல் மின்பலகை பூட்டிய, முழுதாக மூடிய பற்றரியாக வாங்குங்கள். அளவுக்கு மிஞ்சி ஏறுவதையும் இறங்குவதையும் தடுப்பது அந்தப் பலகைதான். பழைய லப்டொப் பற்றரிகளை உடைத்து செல்களைச் சேர்த்துக் கட்டும் வேலையை முதல் பெட்டியில் செய்ய வேண்டாம். அது வேறு வகை லித்தியம், பழுதான ஒரு செல் சூடேறினால் தீ மற்றச் செல்களுக்கும் பரவும். படுக்கும் அறையில் வைக்கப்போகும் பெட்டி இது.

மோட்டார் வாகன பற்றரியும் வேண்டாம். எஞ்சினைக் கிளப்பச் சில விநாடிகள் பெரிய ஓட்டம் கொடுக்கத்தான் அது செய்யப்பட்டது. ஆழமாக இறக்கி ஏற்றினால் சில மாதங்களில் படுத்துவிடும்.

3. பனலும் கொன்ரோலரும்

மேலே உள்ள கணக்குக்கு 100 வாற் பனல் ஒன்று போதும். யாழ்ப்பாணத்தில் நல்ல வெயில் நாளொன்றைச் சுமார் 5 மணி நேர முழு வெயிலாகக் கணக்கிடலாம். 100 வாற், 5 மணி என்றால் 500 வரவேண்டும். ஆனால் பனலின் அளவு 25 பாகை வெப்பத்தில் அளக்கப்பட்டது. நமது பங்குனி வெயிலில் பனல் 60 பாகைக்கும் சூடாகும், ஒவ்வொரு பாகைக்கும் 0.4 சதவீதம் அளவில் வலு குறையும். தூசி, கோணம், வயர் எல்லாம் சேர, 300 வாற்-மணி கைக்கு வந்தால் நல்ல நாள்.

பனலுக்கும் பற்றரிக்கும் நடுவே நின்று நிரப்புவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கொன்ரோலரிலும் இரண்டு வகை. பி.டபிள்யூ.எம் மலிவு. பனலை பற்றரியின் வோல்ற்றளவுக்கு இழுத்து இறக்கிவிடும், அதனால் 100 வாற் பனலில் 70 வாற் அளவுதான் பற்றரிக்குப் போகும். எம்.பி.பி.ரி அந்த மிச்ச வோல்ற்றை ஓட்டமாக மாற்றிக் கொடுக்கும்.

பெட்டியில் எம்.பி.பி.ரி என்று அச்சடித்து உள்ளே மற்ற வகையை வைத்து விற்பதும் நடக்கிறது. சோதிக்க வழி இருக்கிறது. பற்றரி பாதி இறங்கியிருக்கும்போது, நல்ல வெயிலில், பனலில் இருந்து வரும் அம்பியரையும் பற்றரிக்குப் போகும் அம்பியரையும் அளந்து பாருங்கள். பற்றரிப் பக்கம் கூடுதலாக இருந்தால் அது உண்மையான எம்.பி.பி.ரி.

லித்தியம் அயன் பொஸ்பேற் வாங்கினால், கொன்ரோலரிலும் அந்த வகைக்கான தெரிவு இருக்க வேண்டும். நிரப்பும் வோல்ற்றளவு 14.4 அளவில் நிற்க வேண்டும், 14.6 ஐத் தாண்டக் கூடாது. பல கொன்ரோலர்கள் ஈய பற்றரிக்கென்று அமைக்கப்பட்டு வருகின்றன. அமைப்பை மாற்றாமல் பூட்டுவது மிகப் பொதுவான பிழை.

4. மற்றச் சாமான்கள்

ஆறு வழி பிளேட் பியூஸ் பெட்டி, பற்றரிக்கென்று தனியாக 30 அம்பியர் பியூசும் அதன் தாங்கியும், 12 வோல்ற்றில் ஓடும் 65 வாற் யூ.எஸ்.பி-சி சார்ஜர், ரவுட்டருக்கு 12 வோல்ற்றை நிலையாக வைத்திருக்கும் கன்வேட்டர், 12 வோல்ற்றை வீட்டுக் கரண்டாக்கும் 150 வாற் இன்வேர்ட்டர் (தேவையென்றால் மட்டும்), பற்றரிக்குள் போவதையும் வருவதையும் எண்ணும் அளவுமானி, கேபிள் லக் (வயர் நுனியில் அழுத்திப் பூட்டும் உலோக முனை), லக் அழுத்தும் குறடு, மல்ரிமீற்றர், மூடி உள்ள பிளாஸ்ரிக் ஆயுதப்பெட்டி. பிளேட் பியூஸ் மோட்டார் வாகனப் பாகக் கடைகளில் கிடைக்கும்.

வயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பற்றரியில் இருந்து பியூஸ் பெட்டி வரை 6 சதுர மில்லிமீற்றர், இன்வேர்ட்டருக்கு 4, மற்றவற்றுக்கு 2.5. நம் கடைகளில் 7/1.04 என்று கேட்டால் 6, 7/0.85 என்றால் 4, 7/0.67 என்றால் 2.5. ஆனால் அவை வீட்டுச் சுவருக்கான விறைப்பான வயர்கள். தூக்கித் திரியும் பெட்டிக்கு அதே அளவில் மெல்லிய இழைகள் கொண்ட வளையும் வயர் நல்லது. விறைப்பான வயர் குலுங்கக் குலுங்கத் திருகாணியில் இருந்து தளரும்.

5. பூட்டுவதற்கு முன் மேசையில் சோதனை

எல்லாவற்றையும் மேசையில் விரியுங்கள். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் கழற்றி வையுங்கள். 12 வோல்ற் கையில் அடிக்காது, உண்மைதான். ஆனால் பற்றரியின் இரண்டு முனைக்கும் நடுவே உலோகம் விழுந்தால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயலாம். என்னிடம் ஒரு ஸ்பானர் இருக்கிறது. ஈய பற்றரியின் முனைகளில் ஒரு கணம் குறுக்கே விழுந்தது, அவ்வளவுதான். அதன் விளிம்பில் சோளப்பொரி அளவுக்கு உலோகம் உருகிப்போயிருக்கிறது. மோதிரமாக இருந்திருந்தால் விரல் என்னவாகியிருக்கும் என்று யோசியுங்கள்.

பற்றரியை அளந்து பாருங்கள், 13 வோல்ற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பனலை வெயிலில் பிடித்து அளந்தால் 21, 22 வோல்ற் காட்டும். "12 வோல்ற் பனல் என்று தந்தார்கள், 22 காட்டுதே" என்று பயப்பட வேண்டாம். எதுவும் இணைக்காதபோது அப்படித்தான் காட்டும்.

மல்ரிமீற்றரில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓட்டம் அளக்கச் சிவப்பு வயரை 10 அம்பியர் துளையில் செருகுவோம். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப வோல்ற் துளைக்கு மாற்ற மறந்து, அப்படியே பற்றரியில் வைத்தால், மீற்றர் வெறும் கம்பியாகிவிடும். பொறி பறக்கும், மீற்றரின் பியூஸ் போகும், மலிவான மீற்றர் என்றால் மீற்றரே போகும். ஒவ்வொரு முறையும் முனையைத் தொடுவதற்கு முன் துளையைப் பாருங்கள்.

6. பியூஸ்: முதலில் வைக்க வேண்டியது

பற்றரியின் நேர்முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 அம்பியர் பியூஸ் இருக்க வேண்டும். பியூசுக்கும் பற்றரிக்கும் நடுவே உள்ள வயருக்குப் பாதுகாப்பே இல்லை. அந்தத் துண்டு நீளமாக இருந்து, பெட்டியின் விளிம்பில் உரசித் தோல் கிழிந்தால், பியூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வயர் எரியும்.

பியூசின் வேலை வயரைக் காப்பது. அதனால் அதன் அளவு வயருக்கும் பி.எம்.எஸ்ஸுக்கும் பொருந்த வேண்டும். கிளைகளுக்கு நான் வைப்பது: கொன்ரோலருக்கு 15, இன்வேர்ட்டருக்கு 20, யூ.எஸ்.பி சார்ஜருக்கு 10, ரவுட்டருக்கும் விளக்குக்கும் தனித்தனியே 3.

பியூஸ் எரிந்தால் பெரிய பியூஸ் போடக் கூடாது. ஏன் எரிந்தது என்று தேடுங்கள்.

வீட்டுச் சுவரில் உள்ள சாதாரண பிறேக்கரை இங்கே பாவிக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அது ஆடலோட்டத்துக்கானது (ஏ.சி). நேரோட்டத்தில் (டி.சி) பொறி தானாக அணையாது, உள்ளே எரிந்துகொண்டே இருக்கலாம். பிறேக்கர்தான் வேண்டும் என்றால் நேரோட்டத்துக்கு என்று எழுதியதை வாங்குங்கள்.

7. இணைக்கும் ஒழுங்கு

இதுதான் வழிகாட்டியின் நடுப்பகுதி, நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் பிரதான பியூசைக் கழற்றி வைத்துவிட்டு எல்லா வயரையும் பூட்டுங்கள். பற்றரி நேர்முனை, பியூஸ் தாங்கி, பியூஸ் பெட்டி, அங்கிருந்து கிளைகள். எதிர்முனை வயர்கள் எல்லாம் ஒரே பித்தளைப் பட்டையில் சேர்ந்து பற்றரிக்கு வரட்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். மலிவான பி.டபிள்யூ.எம் கொன்ரோலர்கள் பல எதிர்முனைப் பக்கத்தில்தான் திறந்து மூடுகின்றன. அதில் பனலின் எதிர்முனை வயரைக் கொண்டுபோய் பித்தளைப் பட்டையில் சேர்த்தால், கொன்ரோலரைத் தாண்டிப் பனல் நேரே பற்றரிக்கு ஏறும். பனலின் இரண்டு வயரும் கொன்ரோலரின் பனல் துளைகளுக்கு மட்டுமே போக வேண்டும்.

பிறகு ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் அது பூட்டப்படவில்லை என்று பொருள். இழைகளை முறுக்கி ரேப் சுற்றுவதும் பூட்டுவதல்ல. எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி, "அண்ணை, எல்லாம் சரியாத்தான் பூட்டினன், இன்வேட்டர் மட்டும் கத்திக்கொண்டு நிக்குது" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ரேப் சுற்றிய மூட்டில் கை வைத்தேன், சுட்டது. பற்றரியில் 13 வோல்ற் இருந்தது, இன்வேர்ட்டரின் வாயில் 10.6. லக் அழுத்திப் பூட்டியதும் சத்தம் நின்றது.

இப்போது பிரதான பியூசைப் போடுங்கள். கொன்ரோலரின் திரை எழும்பும், பற்றரி வகையைத் தெரிவு செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் பனல். கழற்றும்போது நேர்மாறு: முதலில் பனல், பிறகு பியூஸ்.

காரணம் இதுதான். பற்றரியைப் பார்த்துத்தான் கொன்ரோலர் இது 12 வோல்ற் அமைப்பா, 24 ஆ என்று தீர்மானிக்கிறது. பற்றரி இல்லாமல் பனல் வந்தால் 22 வோல்ற் நேரே உள்ளே நுழையும். கொன்ரோலர் போகலாம், அதற்குப் பின்னால் இருக்கும் ரவுட்டரும் போகலாம்.

8. பெட்டிக்குள் அடுக்குதல்

பற்றரி அடியில், நடுவில். குலுங்காதபடி பட்டி போட்டுக் கட்டுங்கள். சூடாகும் கொன்ரோலரும் இன்வேர்ட்டரும் மேலே, காற்றோட்டத் துளைக்குப் பக்கத்தில். துளைகளுக்கு நுளம்பு வலை ஒட்டுங்கள், பல்லியும் எறும்பும் சூடான இடத்தைத் தேடி வரும்.

ஈய பற்றரி வைத்திருந்தால் பெட்டியை இறுக மூடக் கூடாது. நிரப்பும்போது ஐதரசன் வரலாம்.

வயர் பெட்டியின் சுவரைத் தாண்டும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் போடுங்கள்.

9. வெளியீடுகள்

ரவுட்டரை நேரே பற்றரியில் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பனல் நிரப்பும்போது பற்றரி 14.4 வோல்ற்றுக்குப் போகும். சில ரவுட்டர்கள் தாங்கும், சில தாங்காது. நிலைப்படுத்தும் கன்வேட்டர் மலிவு, போட்டுவிடுங்கள். செருகுவதற்கு முன் பிளக்கின் உட்துளை நேர்முனையா என்று ரவுட்டரின் அடியில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள்.

லப்டொப்பை இன்வேர்ட்டரில் ஓட்டுவது வீண் செலவு. 12 வோல்ற்றை 230 ஆக்கி, அதை அடாப்டர் மீண்டும் 20 ஆக்கும், இரண்டு இடத்திலும் இழப்பு. யூ.எஸ்.பி-சி சார்ஜரில் நேரே கொடுத்தால் அதே பற்றரியில் கூடுதல் நேரம் கிடைக்கும். இன்வேர்ட்டர் எதுவும் செருகாமல் சும்மா இருந்தாலே சில வாற்றைத் தின்னும், வேலை இல்லாதபோது அணைத்துவிடுங்கள். அதைக் கொன்ரோலரின் லோட் துளைகளில் பூட்டவும் கூடாது. அவை சிறிய ஓட்டத்துக்கானவை.

இன்வேர்ட்டரில் இருந்து வீட்டுச் சொக்கெற்றுக்கு இரண்டு பக்கமும் ஆண்முனை உள்ள வயர் போட்டு வீடு முழுவதும் வெளிச்சம் எடுக்க நினைக்காதீர்கள். செருகிய வயரின் மற்ற முனையில் 230 வோல்ற் திறந்தபடி நிற்கும். பிரதான சுவிட்சை அணைக்காமல் இருந்தால் அந்த மின்சாரம் வெளிக் கம்பிக்கும் ஏறும். அந்த நேரம் கம்பத்தில் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

10. பனல் வைக்கும் இடம்

நிழல்தான் முதல் எதிரி. பனலில் செல்கள் வரிசையாகத் தொடுத்திருப்பதால், தென்னோலையின் ஒரு கீற்று நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் நெரிபடும், வலு பாதியாக விழலாம். முற்றத்தில் பனை இருந்தால் காலை, மதியம், பின்னேரம் மூன்று தரம் நிழல் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு இடம் தெரிவு செய்யுங்கள்.

சித்திரைப் புதுவருட நாட்களில் மதியச் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். ஆனி, ஆடியில் சற்று வடக்கே போகும், மார்கழியில் நன்றாகத் தெற்கே சாயும். தூக்கும் பனல் என்பதால் மாற்றி வைக்கலாம்: மார்கழியில் தெற்கு நோக்கி 30 பாகை அளவு, மற்றக் காலத்தில் கிட்டத்தட்டக் கிடையாக. ஒரே இடத்தில் விடுவதென்றால் தெற்குப் பார்த்து 10 பாகை.

பனல் வெயிலில், பெட்டி விறாந்தையில். பெட்டியையும் சேர்த்து வெயிலில் வைப்பது அடிக்கடி காணும் பிழை, லித்தியத்தை 45 பாகை வெப்பத்துக்கு மேல் நிரப்புவது கெடுதி. நடுவே 10 மீற்றர் வயர் என்றால் போக, வர 20 மீற்றர். 1 சதுர மில்லிமீற்றர் வயரில் முழு ஓட்டத்துக்கு 1.9 வோல்ற் வழியிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீற்றரில் 0.5 வோல்ற்றுக்கும் குறைவு.

11. முதல் வாரமும் பிறகும்

முதல் நாள் எல்லாச் சுமையையும் போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு மூட்டையும் வயரின் தோல் மேலாகப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை எடுக்க வைத்தால் அந்த மூட்டைத் திரும்பச் செய்யுங்கள்.

லித்தியம் அயன் பொஸ்பேற்றில் வோல்ற்றைப் பார்த்து மிச்சத்தைச் சொல்வது கடினம். 13.3 க்கும் 13.0 க்கும் நடுவே பாதிச் சார்ஜ் போயிருக்கும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் அளவுமானிதான் சரி. முதல் முறை பற்றரியை முழுதாக நிரப்பிவிட்டு, அளவுமானியின் எண்ணிக்கையை அங்கிருந்து புதிதாகத் தொடங்க வையுங்கள்.

சோளகக் காற்றுக் காலத்தில் செம்மண் தூசி பனலில் படியும். அதிகாலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது துடையுங்கள். கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் காயவிட்டால் சுண்ணாம்பு வெள்ளைப் படலமாக நிற்கும், பிறகு தேய்த்தாலும் போகாது. மழைத் தண்ணீர் நல்லது, இல்லாவிட்டால் ஈரத் துணியால் துடைத்து உடனே உலர் துணியால் ஒற்றிவிடுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் முனைகளில் வாசலின் பூசுங்கள், உப்புக் காற்றில் செம்பு பச்சையாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் மாரி பிடித்தால் நாட்கணக்கில் வெயில் இருக்காது. பாதி கிடைப்பதே பெரிய விசயம். அந்தக் காலத்துக்கு 14.6 வோல்ற் லித்தியம் சார்ஜர் ஒன்று வைத்திருங்கள், கரண்ட் இருக்கும்போதே சுவரில் இருந்து நிரப்பி வைக்கலாம். ஈய பற்றரியின் சார்ஜரை இதற்கு இரவல் வாங்காதீர்கள். அதில் சில வகை, இடைக்கிடை 15 வோல்ற்றுக்கு மேல் ஏற்றும். பெட்டியை மாதக்கணக்கில் பாவிக்காமல் வைப்பதென்றால் லித்தியத்தைப் பாதி நிரம்பிய நிலையில், பிரதான பியூசைக் கழற்றி வையுங்கள். ஈய வகையை முழுதாக நிரப்பி, மாதம் ஒரு தரம் திரும்ப நிரப்புங்கள்.